ராத்திரி ஆள்

"எங்க காலத்துல காசு கொடுத்தா பிள்ளை வளர்த்தோம்?" என்று, ராத்திரிக்கு ஏஜென்சி ஆள் வைக்கலாமா என்ற மகளிடம் நான் கேட்டபோது காலை மணி பதினொன்று. முதல் நாள்தான் ஊரிலிருந்து வந்து, இரவு நன்றாகத் தூங்கி எழுந்து, இரண்டு காப்பியும் குடித்திருந்தேன். வீரம் பேச அதைவிட நல்ல நேரம் கிடையாது. மகள் பதில் சொல்லவில்லை. பன்னிரண்டு நாள் பச்சை உடம்புக்காரி. பதில் சொல்லத் தெம்பில்லை.

அன்றிலிருந்து ராத்திரியில் பேத்தி என் பொறுப்பு என்று அறிவித்தேன். பன்னிரண்டு மணிக்கு ஒரு அழுகை, ஒன்றரைக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று. மகள் பால் கொடுத்து முடித்ததும் வாங்கித் தோளில் போட்டு, ஏப்பம் வரும்வரை முதுகைத் தட்டி, மெல்லக் கிடத்தினால் முதுகு மெத்தையில் பட்ட நொடி கண் திறக்கும். மறுபடி முதலிலிருந்து. மூன்றாவது ராத்திரி, பிரஷர் மாத்திரையைப் போட்டேனா இல்லையா என்பதே எனக்கு மறந்துபோனது. காலையில், "அந்த ஏஜென்சி நம்பர் எங்கேடி?" என்று கேட்டவள் நான்தான்.

மகள் இருப்பது பெரும்பாக்கத்தில், ஒன்பதாவது மாடியில். ஏஜென்சிக்காரர் போனில் பேசியது மிக்ஸி விற்கிறவர் பேசுவதுபோல் இருந்தது. இரவு எட்டு முதல் காலை எட்டு வரை டியூட்டி. ஒரு ராத்திரிக்கு ஆயிரம் ரூபாய். ஏஜென்சிக்கு சர்வீஸ் சார்ஜ் தனி. குழந்தை வேலை மட்டும்; பாத்திரம் தொடமாட்டார். மூன்று மாதத்துக்குள் ஆள் பிடிக்கவில்லை என்றால் ஒரு ரீப்ளேஸ்மென்ட் இலவசம். ஆதார் நகல் வாட்ஸ்அப்பில் வந்தது. வாரன்டி கார்டு உண்டா என்று கேட்க வந்த வாயை அடக்கிக்கொண்டேன்.

வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். செய்யாறு பக்கம். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் குழந்தையைத் தொட்டார். தலை உருண்டையாக வரட்டும் என்று நான் ஊரிலிருந்து தைத்துக் கொண்டுவந்த கடுகுத் தலையணையை, கோபப்படாமல், எடுத்து ஓரமாக வைத்தார். "தலகாணி வேணாம்மா. மல்லாக்கப் போட்டாப் போதும்." டாக்டர் சொன்னதும் அதேதான். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூடக் கூடாது, ஒரு வயது வரை நாக்கில் தேன் தடவவே கூடாது. என் கைவசம் இருந்த வித்தைகளில் பாதி அத்தோடு முடிந்தது.

அந்த அம்மா ஒரு நோட்டும் வைத்திருந்தார். "1.10 பால். 1.35 ஏப்பம். 2.05 உச்சா. 4.20 ஆய்." பேத்தியின் சுயசரிதை அப்படித்தான் தொடங்குகிறது.

நாலைந்து நாள் தூங்கித் தெளிந்த மகள் ஒரு காலையில் கேட்டாள். "நான் பொறந்தப்போ ராத்திரியெல்லாம் நீதான் முழிச்சிருந்தியாம்மா?"

"பின்னே?" என்றேன். சொன்ன பிறகுதான் அது பொய் என்று நினைவுக்கு வந்தது.

1991, மாயவரம். கூடத்து உத்திரத்தில் ஒரு இரும்பு வளையம். அதில், துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆகிவிட்ட பழைய நூல்சேலையில் தூளி. தூளிக்குக் கீழே, ஈரம் படாத தூரத்தில், பாயில் அத்தைப்பாட்டி. தூளியில் கட்டிய கயிற்றின் மறுமுனை அவர் கால் கட்டைவிரலில். குழந்தை சிணுங்கினால் கால் ஆடும். பாட்டி தூங்குவார்; கால் தூங்காது. பசி அழுகை என்றால் மட்டும் என்னை எழுப்புவார். பால் கொடுத்துவிட்டுப் படுத்தால் விடிந்துதான் எனக்கு நினைவு வரும். கட்டைவிரலில் கயிறு பதிந்த இடம் கறுத்துக் காய்த்திருந்தது. மெட்டி போடக்கூடாத காலில் அந்தக் கயிறு மட்டும் அனுமதிக்கப்பட்டிருந்தது.

அழுகை நிற்கவில்லை என்றால் வசம்பு சுட்டு உரைப்பார். அதற்கும் நிற்காவிட்டால் கிரைப் வாட்டர். அதையும் நாங்கள் பாட்டி வைத்தியக் கணக்கில்தான் வைத்திருந்தோம். அது 1851-ல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் வில்லியம் உட்வர்ட் என்கிற வெள்ளைக்காரர் தயாரித்தது, ஆரம்பச் செய்முறையில் சாராயமும் இருந்தது என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அந்தக் காலத்து வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஏன் அவ்வளவு சமர்த்தாகத் தூங்கின என்பதும் அப்போதுதான் விளங்கியது.

அத்தைப்பாட்டி என் அப்பாவுக்கு அத்தை. பத்தொன்பது வயதில் தாலி இழந்து, ஒரு டிரங்குப் பெட்டியோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பியவர். வளைகாப்பின்போது கூடத்துக்கு வரமாட்டார். தொட்டில் போடும் நாளில் சமையல்கட்டோடு சரி. சுமங்கலிகள் பாட்டுப் பாடித் தொட்டிலை நாலு ஆட்டு ஆட்டிவிட்டு, வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். விளக்கு அணைந்ததும் தொட்டில் அத்தைப்பாட்டியிடம் வந்துவிடும். அபசகுனத்துக்கு ராத்திரியில் கண் தெரியாது போலிருக்கிறது.

எனக்கு அப்போது மூன்று மாத விடுப்பு. 1961-ம் வருடத்துப் பேறுகாலச் சட்டம் கொடுத்தது 12 வாரம். 2017-ல் அதை 26 வாரம் ஆக்கினார்கள். மகளுக்கு அது கிடைத்தது. விடுப்பு இரண்டு பங்குக்கு மேல் ஏறியது. அதற்குள் வீட்டில் ஆட்கள் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தார்கள். தூளி கட்டலாம் என்று நினைத்தாலும் ஒன்பதாவது மாடியில் உத்திரம் ஏது, வளையம் ஏது?

ஒருநாள் விடியற்காலை நான் தண்ணீர் குடிக்க எழுந்தபோது செய்யாற்று அம்மா போனில் ஒரு சின்னப் பையனின் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேரன், ஒன்றரை வயது. மகள் அங்கே ஷூ கம்பெனியில் வேலைக்குப் போகிறாளாம்.

"அவனை யாரு பாத்துக்கிறாங்க?"

"எங்கம்மாதாங்க. ராத்திரியும் அவங்ககிட்டதான் படுக்கிறான்."

"அவங்களுக்கு மாசம் என்ன கொடுக்கிறீங்க?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குழந்தை எழுந்துவிடும் என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "அம்மாவுக்குப் போய் யாருங்க சம்பளம் கொடுப்பாங்க?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நோட்டை எடுத்து, பேத்தியின் ஏப்பக் கணக்குக்குக் கீழே ஒரு கணக்குப் போட்டேன். அத்தைப்பாட்டி எங்கள் வீட்டில் தூளி ஆட்டிய பிள்ளைகள் 11. பிள்ளைக்கு மூன்று மாதம் என்று குறைத்தே வைத்தாலும் 990 ராத்திரி. ஏஜென்சி ரேட்டில் 9,90,000 ரூபாய். சர்வீஸ் சார்ஜ் தனி. ரீப்ளேஸ்மென்ட் யாரும் கேட்டதில்லை.

நாங்கள் கொடுத்தது இரண்டு வேளைச் சாப்பாடும் தீபாவளிக்கு ஒரு நூல்சேலையும். இரண்டு வருடம் உடுத்தி நைந்ததும், அந்தச் சேலையும் தூளிக்குத்தான் வந்தது.