விளம்பர மின்னஞ்சலில் விளிவேற்றுமை: பத்து பாகாட் வழக்கை முன்வைத்து

படர்க்கையில் இருப்பவரைத் தன் முகமாகத் திருப்பி அழைப்பதே எட்டாம் வேற்றுமையாகிய விளி என்பது இலக்கணிகள் முடிபு. தொல்காப்பியர் இதற்கென்றே சொல்லதிகாரத்தில் விளிமரபு என்னும் தனி இயலை ஒதுக்கி, எந்த ஈற்றுப் பெயர் எவ்வாறு திரியும் என்று வகுத்துரைத்தாரேனும், விளிப்பது கணினியாகவும் விளிக்கப்படுவோர் பல்லாயிரவராகவும் இருக்குமிடத்து நேரும் திரிபுகளைச் சொல்லாமல் விட்டார். அது நூலின் குறையன்று, காலத்தின் குறை.

இத்திரிபுகளை ஆராய மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துப் பத்து பாகாட் தக்க களமாகும். மூவகைப் பெயர் மரபுகள் ஒரே பேரங்காடியின் உறுப்பினர் படிவத்தில் வந்து விழும் ஊர் அது. சீனருக்குக் குடும்பப் பெயர் முன்னே நிற்கும். மலாய்க்காரருக்கு 'பின்', 'பிந்தி' என்பவற்றை அடுத்துத் தந்தை பெயர் வரும். தமிழரின் அடையாள அட்டையிலோ மகனைக் குறிக்கும் 'ஏ/எல்', மகளைக் குறிக்கும் 'ஏ/பி' நடுவில் அமரும். உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டாகக் கூறும் சாத்தன் இவ்வூரில் பிறந்திருந்தால் 'சாத்தன் ஏ/எல் கொற்றன்' என்றே பதிவாகியிருப்பான்.

விளம்பர மின்னஞ்சல் ஒருமுறை எழுதப்பட்டு எல்லோருக்கும் போவது. பெயர் வரவேண்டிய இடத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு குறிச்சொல் மட்டும் இருக்க, அனுப்பும் கணத்தில் மென்பொருள் பட்டியலிலிருந்து பெயரைப் பெயர்த்து அங்கே நடும். குடும்பப் பெயர் கடைசியில்தான் நிற்கும் என்று நம்பும் மென்பொருள் 'மிஸ்டர் கொற்றன்' என விளித்து, காலமாகிப் பல்லாண்டு ஆன தந்தையை 11.11 மலிவு விற்பனைக்கு அழைக்கும். நடுவில் நிற்பதையே பெயராகக் கொள்வது 'ஹாய் ஏ/எல்' என்னும், அதாவது 'ஏ மகனே' என்று. தமிழில் அப்படி அழைத்துக்கொண்டு வருகிறவர் தள்ளுபடி தர வருவதில்லை. பட்டியலில் அவ்விடம் வெறுமையாயின் குறிச்சொல்லே அடைப்புக்குறியோடு வந்திறங்கும். இதனை விளியேலாப் பெயருள் அடக்கலாம்.

இவ்வழுவுக்குத் தொன்மையும் உண்டு. 1978 மே 3 அன்று, டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனின் விற்பனைத் துறையைச் சேர்ந்த கேரி தூர்க் அர்ப்பாநெட் வலையமைப்பின் வழியே ஏறத்தாழ 400 பேருக்குத் தம் நிறுவனக் கணினிகளைக் காண அழைத்து விடுத்த மடலே முதல் விளம்பர மின்னஞ்சல் என்பர். அதிலேயே முகவரிப் பகுதி கொள்ளாமல், எஞ்சிய முகவரிகள் கடிதத்தின் உடலுக்குள் வழிந்துவிட்டன.

இவ்வூரின் மாமாக் உணவுக்கடையிலோ பெயரே கேட்காமல் யாவரையும் 'பாஸ்' என்கிறார்கள். ஈற்றையும் குலத்தையும் பொருட்படுத்தாத இவ்விளி தவறுவதேயில்லை. மேலும் அது தே தாரிக்கா கோப்பியா என்று விடை கேட்டு நிற்பது. மின்னஞ்சலோ மறுமொழி ஏற்காத முகவரியிலிருந்து வருவதால், காதைப் பொத்திக்கொண்டு கூப்பிட்டதாகிறது.

இவ்விளியை நிறுத்தவும் வழியுண்டு: மலேசியாவில் 2013 நவம்பர் 15 முதல் நடப்பிலுள்ள 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, நேரடிச் சந்தைப்படுத்தலுக்குத் தம் விவரங்களைப் பயன்படுத்துவதை நிறுத்தும்படி எழுத்து மூலம் கோரும் உரிமையை அளிக்கிறது. அக்கோரிக்கையில் யார் கையொப்பமிடுவது என்பதில்தான் கருத்து வேறுபாடு: பட்டியலில் இருப்பவர் கொற்றன் ஆதலால் அவரே ஒப்பமிட வேண்டும் என்பது ஒரு சாரார் கொள்கை, அவர் ஒப்பமிடும் நிலையில் இல்லை என்பது மறுசாரார் தடை.