பங்கில்லாத பார்ட்னர்

காலை ஒன்பதே காலுக்குள் வாட்ஸ்அப்பில் லொகேஷன் போட வேண்டும். கழுத்தில் கம்பெனி அட்டை. அக்கா கல்யாணத்துக்குக்கூட மேனேஜரிடம் லீவு கேட்டு நிற்க வேண்டும். பி.எஃப். உண்டா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். "தம்பி, நீங்க ஸ்டாஃப் இல்ல, எங்க பிசினஸ் பார்ட்னர்!" என்று அங்கேயே பதவி உயர்வு கிடைக்கும். லாபத்தில் பங்கு கிடையாது. பெட்ரோல் செலவு மட்டும் முழுக்க நம்முடையது.

உருப்படிக் கூலி வாங்கிய தையல்காரர்களும் தொழிலாளர்களே என்று சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1973-லேயே சொல்லிவிட்டது. மெஷின் கடையுடையது, தையல் சரியில்லை என்றால் திருப்பித் தைக்கச் சொல்லும் உரிமையும் கடைக்காரருடையது. இதில் சுயதொழில் எங்கே வந்தது?

கம்பெனிக்காரர்களும் அந்தத் தீர்ப்பைக் கவனமாகப் படித்திருப்பார்கள் போலிருக்கிறது. பைக், போன், டேட்டா எல்லாம் நம் காசிலேயே இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள்.