பரணில் விட்ட பெட்டி

கேள்வி: இன்டர்நெட் கம்பெனியை மாற்றப்போகிறேன். அவர்கள் கொடுத்த இமெயிலில் இருக்கும் பழைய கடிதங்கள் என்ன ஆகும்?
– ஒரு வாசகி, செங்கல்பட்டு

பதில்: வீட்டைக் காலி செய்து சாவியையும் கொடுத்தபிறகு பரணில் விட்ட பெட்டியைக் கேட்க முடியுமா, அம்மா? உங்கள் பக்கத்துச் சாளுவன்குப்பத்தில் 2004 சுனாமி மண்ணை அரித்துக் கல்வெட்டைக் காட்டியது. தோண்டினால் முருகன் கோயிலே கிடைத்தது. கல் காத்திருந்தது. சர்வர் காத்திருக்காது, கணக்கை மூடினால் கடிதங்களும் போய்விடும்.

இணைப்பைத் துண்டிக்கும் முன்பே கணினியில் தண்டர்பேர்ட் என்ற இமெயில் மென்பொருளில் அந்தக் கணக்கை ஐமேப் (IMAP) முறையில் சேருங்கள். கடிதங்களை 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' பகுதிக்கு நகலெடுத்து, பென்டிரைவிலும் ஒரு பிரதி வையுங்கள். 'சென்ட்' ஃபோல்டரை விட்டுவிடாதீர்கள். நீங்கள் எழுதியதெல்லாம் அதில்தான் இருக்கிறது. பேங்க்கில் புது இமெயில் முகவரியைக் கொடுத்தபிறகே பழையதை மூடுங்கள்.