எடிசன் மாப்பிள்ளை எழுதும் செக் புராணம்

மாமாவுக்கும் அத்தைக்கும் வணக்கம்.

நியூ ஜெர்சி எடிசனில் எல்லோரும் சௌக்கியம். குளிர் இன்னும் விட்டபாடில்லை. உங்கள் பேத்தி எட்டாம் வகுப்பில் செக் எழுதப் பழகிக்கொண்டிருக்கிறாள். பள்ளியில் கொடுத்த பொம்மைச் செக் புத்தகத்தில் முதல் தாளையே அப்பாவுக்கு ஆயிரம் டாலர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினாள். மாப்பிள்ளைக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் வகுப்பில் டீச்சர் நடத்தும் பேங்கில் போடச் சொல்லி அவளிடமே கொடுத்தனுப்பினார். செக் ரிட்டர்ன். கணக்கில் இருந்ததே 412 டாலர்தானாம்.

இது ஏதோ ஒரு டீச்சரின் ஆசை என்று நினைக்க வேண்டாம். ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் பணக் கணக்கு சொல்லித்தர வேண்டும் என்று நியூ ஜெர்சியில் 2019இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். 1919இல் தொடங்கிய ஜூனியர் அச்சீவ்மென்ட் என்ற அமைப்பு இன்னும் ஒரு படி மேலே போய், பிஸ்டவுன் என்று குட்டி ஊரே கட்டி வைத்திருக்கிறது. ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அங்கே ஒருநாள் மேயர், கடைக்காரர், பேங்க் மேனேஜர். சம்பளம் வாங்கிக் கணக்கில் போட்டு, அதற்குள் செலவு செய்துவிட்டு வீடு திரும்ப வேண்டும். பெரியவர்களையும் மாதம் ஒருமுறை அனுப்பலாம் என்பது மாப்பிள்ளையின் கருத்து.

செக் எழுதுவதில் உங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் இங்கே சில கூத்துகள் உண்டு. தேதியில் மாதம்தான் முதலில். ஏப்ரல் 3 என்பதை 4/3 என்று எழுதுவார்கள். சில்லறையைப் பின்னமாகப் போட வேண்டும். ஐம்பது சென்ட் என்றால் 50/100. முழு டாலரானாலும் 00/100 என்று எழுதி, மிச்ச இடத்தில் யாரும் எதையும் நுழைக்காதபடி வரியின் கடைசிவரை கோடு இழுக்கச் சொல்கிறார்கள். எண்ணும் எழுத்தும் முரண்பட்டால் எழுத்தில் இருக்கும் தொகைதான் செல்லும். இதில் மட்டும் இரண்டு ஊர்ச் சட்டமும் ஒன்று. நம்முடைய 1881ஆம் வருடத்து மாற்றுமுறை ஆவணச் சட்டமும் அதையேதான் சொல்கிறது. கீழ் மூலையில் ‘எதற்காக’ என்று குறிக்க ஒரு கோடு உண்டு. பேத்தி அதில் ‘அப்பா கெஞ்சியதற்காக’ என்று எழுதியிருந்தாள்.

பாடத்தின் உயிர் செக் தாளில் இல்லை, கூடவே கொடுக்கும் சின்ன நோட்டில் இருக்கிறது. செக் எண், தேதி, யாருக்கு, எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று ஒவ்வொரு வரியாக ஏற்றிவர வேண்டும். வீட்டு வாடகைக்கு ஒன்றாம் தேதி செக் கொடுத்தால், வீட்டுக்காரர் சாவகாசமாகப் பத்தாம் தேதிதான் பேங்கில் போடுவார். அதுவரை போனில் தெரியும் இருப்பெல்லாம் தன் பணம் என்று நினைப்பவர்தான் மாட்டிக்கொள்வார். பேங்க் சொல்லும் இருப்பு வேறு, உண்மையில் கையில் நிற்கும் இருப்பு வேறு. பாவுக்கும் ஜரிகைக்கும் தறிக்கூலிக்கும் தனித்தனியாகப் பற்றுவரவு எழுதும் உங்களுக்கு இது புதிதல்ல. போனை மட்டுமே நம்பும் பிள்ளைகளுக்கோ பெரிய அதிர்ச்சி.

மாட்டினால் தண்டம் லேசில் போகாது. இருப்புக்கு மேல் செலவு போனால் ஒரு தடவைக்கு 35 டாலர் பிடிப்பது வெகுகாலம் வழக்கமாக இருந்தது. மூன்று டாலர் காபி 38 டாலராக முடிந்த கதைகள் உண்டு. 2010 முதல், டெபிட் கார்டில் இப்படிப் பிடிக்க வாடிக்கையாளரின் சம்மதம் வேண்டும் என்று விதி வந்தது; செக்குக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. 2022இல் பேங்க் ஆஃப் அமெரிக்கா 35ஐ 10 ஆக்கியது, சிட்டி பேங்க் அடியோடு எடுத்துவிட்டது.

உங்களுக்குத் தூக்கம் கெடக்கூடிய சேதி ஒன்று. தீபாவளிக்குச் சேலையை எடுத்துக்கொண்டு பொங்கலுக்குத் தேதி போட்டுச் செக் தரும் ஜவுளிக்கடைக்காரரை நம் ஊர் பேங்க் பொங்கல்வரை காப்பாற்றும். இங்கே அப்படியில்லை. தேதிக்கு முன் பணம் தரக்கூடாது என்று கணக்குக்காரர் முன்னதாகவே தெரிவித்திருந்தாலொழிய, பேங்க் அன்றைக்கே கொடுத்துவிடலாம். ஆனால் திரும்பிய செக்குக்கு நம் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு வைத்திருக்கும் இரண்டு வருட ஜெயில் பயத்தைச் சொன்னதும் பேத்தி கப்சிப்.

வேடிக்கை என்னவென்றால், ஒழிந்துகொண்டிருக்கும் சாமானுக்குத்தான் இவ்வளவு பயிற்சி. முன்பெல்லாம் செக் மூட்டைகள் விமானத்தில் ஊர் ஊராகப் பறந்தன. 2001 செப்டம்பரில் விமானங்கள் நின்றபோது அவையும் அப்படியே நின்றன. அந்தப் பாடத்தில்தான் செக்கின் படத்தை அனுப்பினால் போதும் என்ற சட்டம் 2004இல் அமலுக்கு வந்தது. 2025 செப்டம்பர் 30க்குப் பிறகு அரசாங்கமே காகிதச் செக் தரக்கூடாது என்று ஜனாதிபதி உத்தரவும் வந்தாயிற்று. ஆரணி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் போனைக் காட்டிப் பத்து ரூபாய் கொடுக்கும் நீங்கள், குழாய் ரிப்பேர்காரருக்குப் பேனா தேடும் மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கலாம்.

இன்னொன்றிலும் நம் ஊர்தான் முன்னே. பத்து வயது நிரம்பிய பிள்ளை தானே எஸ்.பி. கணக்கு தொடங்கி நடத்தலாம் என்று ரிசர்வ் வங்கி 2014இலேயே அனுமதித்துவிட்டது. இங்கே பதினெட்டு ஆகும்வரை பெரும்பாலும் அப்பாவோ அம்மாவோ கூட்டுக் கணக்காளராக நிற்க வேண்டும். ஆகவே மச்சான் பையனுக்குப் பதினொன்று ஆகிறதே, இந்த லீவிலேயே பேங்குக்கு அழைத்துப் போங்கள். கையெழுத்தை அவனே போடட்டும். பாஸ்புக்கை மட்டும் கொஞ்ச காலம் அத்தையிடம் கொடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
எடிசன் மாப்பிள்ளை