முந்நூறு சொற்களில் திருந்துக

2024 மே மாதம் புனேயில் 17 வயதுப் பையன் ஓட்டிய போர்ஷே கார் மோதி இரண்டு ஐ.டி. ஊழியர்கள் இறந்தார்கள். இளஞ்சிறார் நீதிக் குழுமம் பதறவே இல்லை. சில மணி நேரத்தில் ஜாமீன். நிபந்தனைகளில் ஒன்று, சாலை விபத்து பற்றி 300 சொற்களில் கட்டுரை.

அடடா! பிள்ளைகளை அடைத்துப்போடாமல் ஆலோசனை, சமூக சேவை என்று ஊருக்குள் வைத்தே திருத்தலாம் என்கிறது 2015ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டம். அதில் கட்டுரைப் பயிற்சியைச் சேர்த்த பெருமை புனேவுக்கே. இனி நன்னடத்தை அலுவலர் எதற்கு? சிவப்பு மைப் பேனாவோடு ஒரு வாத்தியார் போதும். முன்னுரையில் வருத்தம், பொருளுரையில் வேக வரம்பு, முடிவுரையில் 'அரசு ஆவன செய்ய வேண்டும்'. சந்திப்பிழைக்கு மட்டும் கருணை கூடாது, சமூகம் கெட்டுவிடும்.

பையனின் ரத்த மாதிரியை மாற்றிய புகாரில் பெற்றோரும் டாக்டர்களும் கைதானபோது, சமூகப் பங்கேற்பு எவ்வளவு பலமானது என்பதும் விளங்கியது.

ஊர் கொதித்ததில், ஜாமீன் கிடைத்த மூன்றே நாளில் உத்தரவு மாறி, பையன் கூர்நோக்கு இல்லத்துக்குப் போனான். செல்போன் திருடி மாட்டும் குடிசைப் பையனுக்கும் இதே சட்டம்தான். அவனிடம் மட்டும் யாரும் கட்டுரை கேட்பதில்லை. எட்டாவதோடு நின்றவன், பாவம், கையெழுத்து நன்றாக இருக்காது.