பன்னிரண்டு கட்டமும் இரண்டாயிரம் படமும்

பதுளை டவுனில் மாமாவின் ஸ்டூடியோவில் ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். 120 பிலிம், ஆறு சென்றிமீற்றர் சதுரம். பதின்மூன்றாவது படம் வேண்டுமென்றால் அடுத்த ரோல், அடுத்த செலவு. அதனால் கமராவுக்கு முன்னால் நின்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மாமாவும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பொத்தானை அமுக்கினார். இன்றைக்குப் பசறைப் பக்கம் ஒரு தோட்டக் கல்யாணத்துக்குப் போனால், மாப்பிள்ளை காரிலிருந்து காலை வெளியே வைப்பதற்குள் எனக்கு நாற்பது படம் விழுந்துவிடுகிறது. அதில் முப்பத்தெட்டில் கால் மட்டும்.

ரோலைக் கழுவிக் காயவைத்ததும் மாமா அதை மூன்று மூன்றாக வெட்டுவார். பத்துக்கு எட்டு அங்குல புரோமைட் தாளின் மேல் வரிசையாக அடுக்கி, கண்ணாடியால் அமுக்கி, சில விநாடி விளக்கைப் போட்டு அணைப்பார். பன்னிரண்டு படமும் நெகட்டிவின் அதே அளவில் ஒரே தாளில் வந்துவிடும்; அதுதான் கொன்டக்ட் தாள். மேசைக்கு வருவது அந்தத் தாள் மட்டுமே. நெகட்டிவ் உறைக்குள், உறை பிஸ்கற் தகரத்துக்குள். "கை வச்சியோ, தெரியும் சேதி" என்பது எனக்கான சட்டம். வந்தவர் தாளின் மேல் விரலை வைப்பார். மாமா சிவப்புப் பென்சிலால் அந்தக் கட்டத்தைச் சுற்றி வட்டம் போடுவார். பிறகு கொப்பியில் நம்பர், பெயர், தோட்டம், அட்வான்ஸ், பாக்கி.

இந்த வேலையைத்தான் இப்போது லைட்ரூம் என்ற படம் திருத்தும் மென்பொருள் செய்கிறது. 2013இல் வந்த அதன் ஐந்தாம் பதிப்பு ஸ்மார்ட் பிரிவியூ என்று ஒன்றைக் கொண்டுவந்தபோது, கூட்டாளிகள் அதைப் பெரிய கண்டுபிடிப்பாகப் பேசினார்கள். நான் பிஸ்கற் தகரத்தை நினைத்துக்கொண்டேன். என் கமராவின் ரோ கோப்பு ஒன்று சுமார் 25 எம்பி. கல்யாணத்துக்கு இரண்டாயிரம் படம் என்றால் 50 ஜிபி. நாலு கல்யாணம் வந்தாலே லப்டொப் மூச்சு முட்டும். ஸ்மார்ட் பிரிவியூ அதே படத்தின் குட்டி: நீளப் பக்கம் 2540 புள்ளி, ஏறக்குறைய 1 எம்பி. இரண்டாயிரமும் 2 ஜிபி அளவில் அடங்கும். மூலப் படங்கள் இருக்கும் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி அலுமாரியில் பூட்டிவிட்டு, குட்டிகளை வைத்தே வெளிச்சம், நிறம், வெட்டு எல்லாம் முடித்துவிடலாம். செய்த திருத்தங்கள் கட்டலொக்கில் எழுதப்பட்டிருக்கும். டிஸ்கைத் திரும்பச் செருகினால் மூலத்தில் ஏறிக்கொள்ளும். மணப்பெண்ணின் கண்ணிமை கூராக விழுந்திருக்கிறதா என்று பார்க்க மட்டும் மூலம் வேண்டும். அதற்கு மாமாவிடம் ஒரு பூதக்கண்ணாடி இருந்தது.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் கரண்ட் இல்லாமல் நாடே இருட்டில் கிடந்தபோது, இந்தக் குட்டிகள்தான் சோறு போட்டன. லப்டொப் பற்றரியில் ஓடியது; டிஸ்குக்குக் கரண்ட் தேவைப்படவில்லை. ஆனால் திருத்திய படத்தை அச்சுப்போடத் தாள் கிடைக்கவில்லை. மேல் மாகாணத்தில் பள்ளிக்கூடப் பரீட்சையே தாள் இல்லாமல் தள்ளிப்போன வருடம் அது. மாமாவிடம் தாள் இருந்தது, படம் பன்னிரண்டுதான். என்னிடம் படம் இரண்டாயிரம்.

மாமாவின் ஸ்டூடியோ கல்யாணத்தால் பிழைக்கவில்லை. இரண்டு அரசாங்கங்களால் பிழைத்தது. 1964 ஒக்டோபர் 30ஆம் தேதி இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, இந்திய வம்சாவளித் தோட்டச் சனத்தில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் பாதி பாதியாகப் பங்கிட்டார்கள். ஸ்பிரிங்வெளியிலும் நமுனுகுலையிலும் மடுல்சீமையிலும் பிறந்து, கொழுந்துக் கூடையைத் தவிர வேறு எதற்கும் முதுகு காட்டாத சனம், முதல் தடவையாகக் கமராவுக்கு முகம் காட்ட டவுனுக்கு வந்தது. படம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை, பாஸ்போர்ட்டுக்குத் தேவைப்பட்டது. பிறகு பதுளையில் ரயில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போனார்கள். போகும் வழியில் தெமோதரைக்கும் எல்லவுக்கும் நடுவே ஒன்பது வளைவுப் பாலத்தைக் கடந்தார்கள். அன்றைக்கு அவர்களைக் கொண்டுபோன ரயிலை எந்தச் சுற்றுலாக்காரரும் நின்று படம் எடுத்திருக்கமாட்டார். இன்றைக்கு அதே பாலத்தில் ரயில் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போன்களோடு இடம் பிடித்துவிடுகிறார்கள்.

அரசாங்கத்துக்குப் படம் எடுக்கும் தொழில் இப்போதும் உண்டு. அடையாள அட்டைக்குப் பதிவுசெய்த ஸ்டூடியோவில் எடுத்து, படத்தை இணையத்தில் ஆட்பதிவுத் திணைக்களத்துக்கு நாங்களே அனுப்ப வேண்டும். காசு கொடுத்தவர் கையில் ரசீதுதான் மிஞ்சும். "என் மூஞ்சி எங்க தம்பி?" என்று ஹாலி-எலப் பக்கத்து ஆச்சி ஒருத்தி கேட்டாள். கம்ப்யூட்டருக்குள்ளே பத்திரமாக இருக்கிறது என்றேன். ஆச்சி நம்பவில்லை.

கல்யாண வீட்டாரும் மூலத்தைக் கேட்பதில்லை. குட்டியிலிருந்து இன்னும் குட்டியாக்கி வட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். கொழும்பில் கடையில் நிற்கும் தம்பி, கட்டாரில் இருக்கும் சித்தப்பா எல்லாரும் அதைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். கடைசியில் ஸ்டேட்டஸுக்கு ஒன்று. 50 ஜிபி அலுமாரியில் தூங்குகிறது. அதை ஈரத்திலிருந்து காப்பாற்றச் சிலிக்கா பொட்டலம் வாங்கிப் போடுவதும் நான்தான்.

மாமாவின் தகரத்துக்குள் ஈரம் ஏற்கெனவே போய்விட்டது. பதுளை மழை நெகட்டிவ்களில் பூஞ்சணமாகப் படர்ந்து முகங்களைத் தின்றிருந்தது. மேசை இழுப்பறையில் கைபட்டு, தேநீர்க் கறை பட்டு, கவனிப்பாரற்றுக் கிடந்த கொன்டக்ட் தாள்கள்தான் நன்றாக இருந்தன.

போன வருடம் கோத்தகிரியிலிருந்து ஒரு பெண் பேசினார். அப்பா அம்மா இரண்டு பேரும் சேர்ந்திருந்த ஒரே படம் பாஸ்போர்ட்டில் இருந்ததாம், கரையான் அரித்துவிட்டதாம். "பழைய படம் ஏதாச்சும் இருக்குமாண்ணே?" தோட்டத்தின் பெயரைச் சொன்னதும் கொப்பியைப் புரட்டினேன். நம்பர் கிடைத்தது, தாளும் கிடைத்தது. இரண்டேகால் அங்குலச் சதுரத்துக்குள் அப்பா, அம்மா, நாலு பிள்ளைகள். 1200 டிபிஐயில் ஸ்கேன் பண்ணினால் ஒரு பக்கம் 2700 புள்ளி வந்தது. என் ஸ்மார்ட் பிரிவியூவை விட 160 புள்ளி அதிகம். அம்மாவின் மூக்குத்தியில் ஒரு கல் இல்லை என்பதுகூடத் தெரிந்தது.

அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்து, காசு எவ்வளவு என்று கேட்டார். கொப்பியில் பாக்கிக் கட்டத்தில் மூன்று ரூபாய் இன்னும் வெட்டப்படாமல் நின்றது. அதைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "அது இலங்கை ரூபாயாண்ணே, இந்திய ரூபாயா?" என்றார்.