வரலாம், வரலாம்... டொக்!

வா கண்ணு, உக்காரு. புதுக் காரு, வழவழன்னு பெயிண்டு, தவணையெல்லாம் அப்படியே கெடக்குது. அதுக்குள்ள பொறகால ஒரு நசுங்கலா? கேட்டா, "வாட்ச்மேன் வரலாம்னாரு அப்பிச்சி"ங்கற. தூண் வரைக்கும் வரலாம்னுதானே சொல்லியிருப்பாரு? தூணுக்குள்ள போன்னா சொன்னாரு?

பொறகால பாத்துச் சொல்ல ஆளே வேண்டாம், கேளு. அமெரிக்காவுல 1911-ல இண்டியானாபோலிஸ் 500 ரேஸு மொத மொதல்ல நடந்துது. மத்த காருல ஓட்டறவனுக்குப் பக்கத்துல ஒரு மெக்கானிக்கு. பொறகால எவன் வர்றான்னு பாத்துச் சொல்றதும் அவன் சோலி. ரே ஹாரூன்ங்கறவரு மட்டும் ஒத்தையா வந்தாரு. ஆளுக்குப் பதிலாக் கண்ணாடி மாட்டிக்கிட்டாரு. ஜெயிச்சதும் அவருதான். ஆளைக் கழிச்சு விட்ட கண்ணாடி கண்ணு அது! உன்ற காருல மூணு இருக்குது. நீ அதுல ஒண்ணை மடிச்சு வெச்சுட்டு, பொறகால நாலு பேரை நிறுத்திக் கத்தச் சொல்ற.

சரி, மொதல்ல சீட்டு. உன்ற ஊட்டுக்காரி ஓட்டினா ஒரு தூரம், நீ ஓட்டினா ஒரு தூரம். சீட்டை நகத்தினா மூணு கண்ணாடியையும் திருப்பி வெக்கோணும். உள்கண்ணாடில பின்பக்கக் கண்ணாடி முழுசாத் தெரியோணும். உன்ற கிராப்பு தெரிஞ்சா அது காரில்ல, சலூன்.

வெளிக் கண்ணாடி ரெண்டுலயும் உன்ற காரோட ஓரம் துளியூண்டு, மிச்சமெல்லாம் ரோடு. ரோடும் வானமும் சேர்ற எடம் நடுவால. இது ஓடற வண்டிக்கு. ரிவர்ஸ் எடுக்கறப்ப வானத்தைப் பாத்து என்ன பண்றது, மழை வருமான்னா? கதவுல இருக்கற சுவிட்சைத் தட்டிக் கண்ணாடியைக் கீழ சாய்ச்சுக்க. பின்சக்கரம் தரையத் தொடற எடமும் வெள்ளைக் கோடும் தெரியட்டும். சில காருல ரிவர்ஸ் கியர் போட்டாத் தானாவே சாயும். உன்ற காருல அது இருக்குதான்னு புஸ்தகத்தைப் பொரட்டிப் பாரு. சோலி முடிஞ்சதும் பழையபடி தூக்கி வெச்சுரு. இல்லாட்டி ஹைவேஸ்ல பொறகால வர்ற லாரிய உட்டுட்டு, உன்ற சக்கரத்தையே ரசிச்சுக்கிட்டுப் போவ.

நிறுத்தற எடத்துக்குள்ள ரிவர்ஸ்ல வர்றப்ப, காரோட பக்கவாட்டும் கோடும் ஒண்ணுக்கொண்ணு நேரா வருதான்னு ரெண்டு கண்ணாடியையும் மாத்தி மாத்திப் பாரு. பின்பக்கம் எங்க போகோணுமோ அந்தப் பக்கமே ஸ்டீயரிங்கை ஒடி. ஆனா மூக்கு எதுத்த பக்கம் வீசும். அந்தப் பக்கம் நிக்கற காருக்காரன் உன்னையத்தான் பாத்துக்கிட்டு இருப்பான்.

இடது கண்ணாடி லேசா வெளிய பொடைச்சிருக்கும். நெறைய எடத்தைக் காட்டும், எல்லாத்தையும் சிறுசாக் காட்டும். வட்டிக்கு வாங்குன கடனாட்டம் அது: எங்கயோ தூரத்துல இருக்கற மாதிரி இருக்கும், திரும்பினா வாசல்ல நிக்கும்.

சென்சார் இருக்குதுங்கறயா? 2019 ஜூலையிலிருந்து புதுக் காருக்கெல்லாம் அது கட்டாயம். கீ கீன்னு நல்லாத்தான் கத்துது. ஆனா ஒல்லிக் கம்பியும் குட்டைக் கல்லும் அதுக்குத் தப்பிப் போயிரும். பம்பருக்குப் பொறகால கொழந்தை தவழ்ந்தா பக்கத்துக் கண்ணாடியும் காட்டாது. அதனால, ஏறறதுக்கு முன்னால வண்டிய ஒரு சுத்து சுத்திப் பாரு. கொழந்தையும் தப்பும், தொப்பையும் கொறையும்.

நாலு நாளைக்குக் காலி எடத்துல பழகு. அப்பறம் பொறகால யாரும் நிக்க வேண்டாம். "வரலாம், வரலாம்"னு கத்தற உத்தியோகத்தை மட்டும் எனக்கே குடுத்துரு. வயசான காலத்துல எனக்கும் ஒரு மருவாதி வேணுமில்ல? நாஞ் சொல்றதை மட்டும் கேட்டுராத.